மாஸ் படம் பிடிக்கும், அந்தக் கூட்டம்தான் பிடிக்கவில்லை

கேள்வி: பெரிய நடிகர்களின் மாஸ் படங்களைத் தியேட்டரில் பார்க்க ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர்களுடைய ரசிகர்கள் செய்வதைப் பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது. கட்அவுட்டில் ஏறுகிறார்கள், பால் ஊற்றுகிறார்கள், ட்விட்டரில் அடுத்தவர் வீட்டுப் பெண்களைத் திட்டுகிறார்கள். படம் நன்றாக இருக்கிறது என்றால் "நீ அந்த குரூப்பா?" என்கிறார்கள், சுமார் என்றால் சண்டைக்கு வருகிறார்கள். முதல் நாளே போகலாமா? இதை எப்படிச் சமாளிப்பது?

பதில்:

தியேட்டருக்குள் நடக்கும் ஆரவாரம் வேறு, வாசலிலும் போனிலும் நடப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் படத்தையும் ரசிக்க முடியாது, பயப்பட வேண்டியதற்குப் பயப்படவும் மாட்டீர்கள்.

விசிலைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். மாஸ் படம் விசிலுக்கு இடம் விட்டே எடுக்கப்படுகிறது. ஹீரோவின் அறிமுகக் காட்சியைக் கவனித்துப் பாருங்கள்: முதலில் ஷூ, பிறகு கை, பிறகு முதுகு, அப்புறம்தான் முகம். முகம் தெரிந்தபின் அரை நிமிடத்துக்குக் கதைக்குத் தேவையான வசனம் ஒன்றுகூட வராது. வந்தாலும் யாருக்கும் கேட்காது என்று எடிட்டருக்குத் தெரியும். 'சூப்பர் ஸ்டார்' என்ற எழுத்துகள் புள்ளி புள்ளியாக விரியும் டைட்டில் கார்டு 1992-இல் அண்ணாமலை படத்தில், தேவாவின் இசையோடு வந்தது. கூட்டம் கத்தி முடிப்பதற்கு அதில் நேரம் இருக்கிறது. இதே காட்சிகளை வீட்டில் தனியாக டிவியில் பார்த்தால் இழுவையாகத் தெரியும். பாதி இசைக்கருவி வராத கச்சேரி மாதிரி. ஆகவே உள்ளே இருக்கும் சத்தம் நீங்கள் கொடுத்த டிக்கெட் காசில் சேர்ந்ததுதான். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட ஊர் இது. நட்சத்திர மோகம் நேற்று முளைத்த வியாதி ஒன்றும் இல்லை.

முதல் நாள் போவதானால், எந்தக் காட்சிக்குப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நள்ளிரவு ஒரு மணி, விடியற்காலை நாலு மணிக் காட்சிகளைத் தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கு இப்போது விடுவதில்லை. 2023 ஜனவரி 11 அன்று துணிவும் வாரிசும் ஒரே நாளில் வந்தன. முன்னது ஒரு மணிக்கு, பின்னது நாலு மணிக்கு. அன்று கோயம்பேடு ரோகிணி தியேட்டர் அருகே ஓடிக்கொண்டிருந்த லாரியின் மேல் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் கீழே விழுந்து இறந்துபோனார். அதன்பிறகு முதல் காட்சி காலை ஒன்பது மணிக்குத்தான். அதே ஆண்டு அக்டோபரில் லியோவுக்கு நாலு மணிக் காட்சி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. பாலக்காட்டிலும் பெங்களூரிலும் நமக்கு முன்பே படம் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் முந்தின நாள் மாலை பிரீமியர் என்றால் நமக்கு அது விடியற்காலை. நீங்கள் ஒன்பது மணிக்கு உள்ளே நுழையும்போது கிளைமாக்ஸ் ஏற்கெனவே பலருடைய ஸ்டேட்டஸில் ஓடிக்கொண்டிருக்கும். போனை எப்படி அடக்குவது என்று பின்னால் சொல்கிறேன்.

தனித்திரை தியேட்டர்கள் பலவற்றில் ஒன்பது மணிக் காட்சி ரசிகர் காட்சிதான். மன்றத்துக்காரர்கள் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். ஆப்பில் பார்த்தால் எல்லா இருக்கையும் நிரம்பியதாகக் காட்டும். அதே டிக்கெட் வெளியே 500, 1,000 என்று கைமாறும். மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலை, வரி நீங்கலாக, 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2017 அக்டோபரில் அரசு வரம்பு வைத்தது. டிக்கெட்டில் அச்சிட்ட தொகையும் உங்களிடம் வாங்கிய தொகையும் வேறாக இருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் புகார் செய்யலாம். சென்னையில் என்றால் போலீஸ் கமிஷனர். தியேட்டருக்கு உரிமம் கொடுப்பது அவர்கள்தான். அன்று மாலைக்குள் காசு திரும்பி வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால் முதல் நாள் மதியக் காட்சிதான் சரி. காலையில் ஆடியவர்கள் களைத்துப்போய் டீக்கடையில் இருப்பார்கள். உள்ளே வருகிறவர்களுக்கு உற்சாகம் இருக்கும். படத்தையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும். விசில் கேட்கும், திரைக்கு முன் ஆட்டம் இருக்காது. குழந்தைகளோடு, வயதானவர்களோடு போகிறவர்களும், பெண்கள் மட்டும் சேர்ந்து போகிறவர்களும் இரண்டாம் நாள் மாலை மல்டிபிளெக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரசிகர் காட்சிக்குத்தான் போவேன் என்றால் முதல் ஐந்தாறு வரிசையை விட்டுவிடுங்கள். அது நடன மேடை. நடுவழிக்குப் பின்னால் உள்ள வரிசைகளில், வெளியேறும் கதவு இருக்கும் பக்கமாக ஓர இருக்கை எடுங்கள். இருட்டுவதற்கு முன் கதவு எங்கே என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2023 தீபாவளிக்கு மகாராஷ்டிரத்தின் மாலேகானில் டைகர் 3 ஓடும்போது ரசிகர்கள் தியேட்டருக்குள்ளேயே பட்டாசு கொளுத்தினார்கள். அப்படியொரு நேரத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வெள்ளைச் சுவர் இல்லை. நுண்ணிய துளைகள் போட்ட வினைல். பின்னாலிருக்கும் ஸ்பீக்கரின் ஒலி அந்தத் துளைகள் வழியாகத்தான் வருகிறது. உற்சாகத்தில் எறியும் காசோ தண்ணீர் பாட்டிலோ பட்டால் குழி விழும், தைக்கவும் முடியாது, ஒட்டவும் முடியாது. அடுத்து வரும் எல்லாப் படத்திலும், வானத்தைக் காட்டினாலும் ஹீரோயின் கன்னத்தைக் காட்டினாலும், அந்த இடத்தில் ஒரு கறை தெரியும். 2023 அக்டோபரில் லியோ டிரெய்லரைத் திரையிட்டதற்கே ரோகிணியில் இருக்கைகள் நொறுங்கின. படம்கூட இல்லை, டிரெய்லர்.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வாசல். நெரிசலில் ஆள் இறப்பது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, மூச்சு விட முடியாமல். ஒரு சதுர மீட்டரில் நாலு பேர் வரை நின்றால் கையைக் காலை அசைக்கலாம். ஆறு ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் தண்ணீர் மாதிரி அலையடிக்கத் தொடங்கும். பின்னால் ஒருவர் தள்ளினால் முன்னால் இருப்பவர் மார்பு நசுங்கும். தள்ளியவருக்கு அது தெரியவே தெரியாது. கிரில் கேட்டைப் பாதி மட்டும் திறப்பதும் நட்சத்திரம் நேரில் வருவதும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். 2024 டிசம்பர் 4 இரவு ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் புஷ்பா 2 பிரீமியருக்கு அல்லு அர்ஜுன் வந்தபோது ஏற்பட்ட நெரிசலில் ஒரு பெண் இறந்தார், அவருடைய மகன் உயிருக்குப் போராடினான். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர் இறந்தது அரசியல் கூட்டம், சினிமாக் கொட்டகை இல்லை; நெரிசல் கொல்லும் விதம் ஒன்றுதான்.

ஆகவே நடிகர் வரப்போகிறார் என்று தெரிந்தால் அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள். கேட் திறக்கக் காத்திருக்கும் கும்பலில் நிற்காதீர்கள். பத்து நிமிடம் கழித்துப் போனால் இழப்பது புகையிலை எச்சரிக்கைப் படம் மட்டும்தான். மாட்டிக்கொண்டால் இரண்டு கைகளையும் குத்துச்சண்டைக்காரர் போல மார்புக்கு முன் மடக்கி வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். செருப்பு, போன் எது விழுந்தாலும் குனியாதீர்கள். அலையை எதிர்த்துத் தள்ளாமல், அது ஓயும் நொடியில் குறுக்காக ஓரத்துக்கு நகருங்கள். சுவரையும் ஷட்டரையும் ஒட்டி மட்டும் நிற்கக் கூடாது.

கட்அவுட் விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 40 அடி உயரம், 20 அடி அகலம் உள்ள பிளெக்ஸ் என்பது சுமார் 74 சதுர மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் அதன்மேல் விழும் விசை குறைந்தது 850 கிலோ. ஒரு காரைச் சாய்த்து வைத்தமாதிரி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். இதையெல்லாம் தாங்கி நிற்பது சவுக்குக் கம்பும் கயிறும், அதுவும் ஒரு ராத்திரியில் கட்டியது. 2025 ஏப்ரலில் குட் பேட் அக்லி படத்துக்காகத் திருநெல்வேலியில் 200 அடிக்கு மேல் எழுப்பிய அஜித் கட்அவுட் படம் வருவதற்கு முன்பே சரிந்து விழுந்தது. நல்லவேளையாக யாரும் அடியில் இல்லை. சாய்வதைப் போலவே மின்கம்பியும் ஆளைக் கொல்லும். பேனரின் சட்டகம் இரும்பு, தூக்கி நிறுத்தும்போது உச்சி எங்கே போகிறது என்று கீழே பிடித்திருப்பவருக்குத் தெரியாது. 2020 செப்டம்பரில் ஆந்திரத்தின் குப்பம் பகுதியில் பவன் கல்யாண் ரசிகர்கள் மூன்று பேர், 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில் யஷ் ரசிகர்கள் மூன்று பேர், எல்லாம் பிறந்தநாள் பேனர் கட்டும்போது. பேனருக்கு அடியில் வண்டியை நிறுத்தாதீர்கள், அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

பாலாபிஷேகத்தைப் பற்றி ஊரே பேசியாகிவிட்டது. கடை திறப்பதற்கு முன் வாசலில் இறக்கி வைத்த பால் டப்பாக்கள் பட ரிலீஸ் அன்று களவு போகின்றன என்று பால் முகவர்கள் சங்கம் பல வருடமாகச் சொல்லிவருகிறது. இது நம்மூர்க் கிறுக்கு மட்டும் இல்லை. 2021-இல் சீனாவில் 'யூத் வித் யூ' என்ற நட்சத்திரத் தேர்வுப் போட்டியில் பால் பாட்டில் மூடிக்குள் ஓட்டுப்போடும் குறியீடு இருந்தது. ஆள் வைத்துப் பாட்டில் பாட்டிலாகத் திறந்து, மூடியை எடுத்துக்கொண்டு, பாலைச் சாக்கடையில் ஊற்றினார்கள். வீடியோ வெளியானதும் இறுதிச்சுற்றே ரத்தானது.

இனி போன். படம் வருவதற்கு முந்தின நாள் மாலையே எக்ஸ் (ட்விட்டர்) தளத்தின் அமைப்புகளில் 'மியூட் வேர்ட்ஸ்' பகுதிக்குப் போங்கள். படப்பெயர், நடிகர் பெயர், பட்டப்பெயர், இயக்குநர் பெயர் எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கில எழுத்திலும், வழக்கமான எழுத்துப்பிழைகளோடும், தனித்தனியாகச் சேருங்கள். ஹேஷ்டேக் குறியில்லாமல் வெறும் சொல்லாகப் போடுங்கள். சொல்லை மியூட் செய்தால் அதன் ஹேஷ்டேக்கும் மறையும், ஹேஷ்டேக்கை மட்டும் மியூட் செய்தால் சொல் மறையாது. காலம் ஏழு நாள் என்று வையுங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் இரண்டு. மியூட் செய்தாலும் தேடல் பக்கத்தில் எல்லாம் தெரியும். படத்துக்குள் எழுதியிருப்பதும் வீடியோவும் மறையாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் மோசமான எதிரி. தியேட்டரில் போனைத் தூக்கிப் பிடிக்கும் சித்தப்பா பையன் யார் என்று உங்களுக்கே தெரியும், அவரை ஒரு வாரம் மியூட் செய்துவிடுங்கள்.

டிரெண்டிங்கைப் பார்த்து "நாட்டில் பாதிப் பேர் இப்படி ஆகிவிட்டார்களா" என்று மனம் நொந்துபோக வேண்டாம். மொத்த எண்ணிக்கையைவிடத் திடீர் ஏற்றத்துக்குத்தான் அங்கே மதிப்பு. மாலை ஆறு மணிக்கு டேக் என்று முன்கூட்டியே அறிவித்து, அதுவரை யாரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாமல் பொத்திவைத்து, ஆறு அடித்ததும் ஒரே நேரத்தில் கொட்டுவார்கள். சில ஆயிரம் பேர், ஆளுக்குச் சில கணக்குகள், காரியம் முடிந்தது. 2019 ஜூலையில் உயிரோடு இருக்கும் விஜய்க்கு இரங்கல் ஹேஷ்டேக் இந்திய அளவில் முதலிடத்துக்கு வந்தது இந்த வழியில்தான். விஜய், அஜித் ரசிகர்கள் அணில், ஆமை என்று பரஸ்பரம் வைத்துக்கொண்ட பெயர்கள் உங்கள் திரைக்கு வருகின்றன என்றால், நீங்கள் அதை நின்று படிப்பதால் வருகின்றன. திட்டுவதற்காகப் படித்தாலும் படித்ததாகவே கணக்கு.

வசூல் சண்டை இன்னொரு புதைகுழி. தமிழ்நாட்டில் தினசரி வசூலை அதிகாரபூர்வமாக வெளியிடும் பொது அமைப்பு எதுவும் இல்லை. 'டிராக்கர்' என்று சொல்லிக்கொள்பவர் போடுவது மதிப்பீடு, சில நேரம் ஆசை. ஒரு சல்லடையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் திரை, நாளுக்கு ஐந்து காட்சி, சராசரி 500 இருக்கை, சராசரி டிக்கெட் 150 ரூபாய் என்று தாராளமாகப் போட்டு, ஒரு சீட்டும் காலியில்லை என்று வைத்தாலும் முப்பத்தேழரைக் கோடிதான் வரும். தமிழ்நாட்டில் முதல் நாள் ஐம்பது கோடி என்று யாராவது சொன்னால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். போஸ்டரில் வரும் 'நூறு கோடி' என்பது கிராஸ், அதாவது டிக்கெட் விற்ற மொத்தக் காசு. அதில் ஜி.எஸ்.டி., உள்ளாட்சி கேளிக்கை வரி கழித்தால் நெட். அதில் தியேட்டர் பங்கு போக விநியோகஸ்தருக்கு வருவது ஷேர். முதல் வாரத்தில் நெட்டில் பாதிக்குச் சற்று மேல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், தியேட்டருக்குத் தியேட்டர் மாறும். நூறு கோடி கிராஸ் என்றால் கைக்கு வருவது ஐம்பதுக்கும் கீழே. இந்தக் கணக்கு தெரியாமல் இரண்டு பக்கமும் அடித்துக்கொள்கிறார்கள். தெரிந்தாலும் அடித்துக்கொள்வார்கள் என்பது வேறு விஷயம்.

உங்கள் கருத்தை எழுத வேண்டும் என்றால் எழுதுங்கள், வாயை மூடிக்கொள்ள அவசியமில்லை. ஆனால் முதல் இரண்டு நாள் நடிகர் பெயர், படப்பெயர், ஹேஷ்டேக் மூன்றும் இல்லாமல் எழுதுங்கள். உங்களைத் திட்டுகிறவர் உங்களைப் பின்தொடர்பவர் அல்ல, பெயரைத் தேடி வருகிறவர். பதில் போடும் உரிமையை, நீங்கள் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்று பதிவிடும்போதே மாற்றிவிடுங்கள். மேற்கோள் காட்டித் திட்டுவதை அது தடுக்காது. கூட்டம் பெருகினால் கணக்கை இரண்டு நாள் பூட்டி வைப்பதுதான் வழி. மிரட்டலோ ஆபாசமோ வந்தால், பிளாக் செய்வதற்கு முன் சுட்டி, நேரம், கணக்குப் பெயர் மூன்றும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்குப் போங்கள். முதலில் பிளாக் செய்துவிட்டு ஆதாரம் தேடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

"நீ அந்த குரூப்பா?" என்று கேட்பவருக்கு ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சொல்லுங்கள். "இடைவேளைச் சண்டையை ஒரே அறைக்குள் வைத்திருந்தது பிடித்தது" என்றால் பேச்சு படத்துக்கு வந்துவிடும். "செம மாஸ்" என்றால் நடிகருக்குப் போகும், அப்புறம் அடுத்த நடிகருக்கு, அப்புறம் சண்டைக்கு.

வீட்டிலேயே ஒரு தம்பி இப்படி இருந்தால் அவனுடைய ஹீரோவைக் கிண்டல் செய்யாதீர்கள். அவன் அந்தப் பக்கம் இன்னும் இறுகிப்போவான். மூன்றே விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: உயரத்தில் ஏறக் கூடாது, ஓடும் வண்டியில் தொங்கக் கூடாது, டிக்கெட்டுக்குக் கடன் வாங்கக் கூடாது. மற்றபடி மன்றத்தில் ரத்ததானம், நோட்டுப் புத்தகம் கொடுப்பது என்று நல்ல வேலையும் நடக்கிறது. கமல்ஹாசன் தன் மன்றங்களை நற்பணி மன்றங்களாகவே மாற்றினார். நடிகரே சொன்னால் கேட்பார்களா என்றால், பாதிதான். அஜித் 2011-இல் மன்றங்களையே கலைத்தார், 2021-இல் 'தல' என்று அழைக்க வேண்டாம் என்றார், 2024 டிசம்பரில் 'கடவுளே' கோஷத்தை நிறுத்தச் சொல்லி அறிக்கை விட்டார். அந்த அறிக்கைக்கு நாலு மாதம் கழித்து எழுந்ததுதான் மேலே சொன்ன திருநெல்வேலிக் கட்அவுட்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துப் போவது சலிப்பாக இருந்தால் மறுவெளியீடுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஸ்பாய்லர் பயம் இல்லை, படம் ஜெயிக்குமா என்ற பதற்றமும் யாருக்கும் இல்லை. 2004-இல் வந்த கில்லி 2024 ஏப்ரலில் திரும்ப வந்தபோது தியேட்டரே சேர்ந்து வசனம் சொன்னது; விஜய்யைப் பிடிக்காதவர்களும் வந்திருந்தார்கள். அந்த மாதிரிக் காட்சிகளில் 'அப்படிப் போடு' பாட்டுக்கு முன்வரிசை முழுக்க எழுந்து ஆடும், திரை மறைக்கும். உட்காரச் சொல்லிக் கத்திப் பயனில்லை. பாட்டு முடியும்வரை நீங்களும் எழுந்து நின்றுவிடுங்கள்.